கதரீன் மான்ஸ்ஃபீல்ட்: எள்ளலும் இரக்கமும்

உரைநடை இலக்கிய வகைகளுள் வயதால் இளையது சிறுகதை. நாவல் பெருவழக்குப் பெற்ற பின்னர்த் தோன்றிய இது, பத்திரிகைகளின் வளர்ச்சியோடு தானும் வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் நிலைபெற்றது. ஸ்டீவன்சன், கிப்ளிங், வெல்ஸ் முதலானோர் எழுதிய கதைகளில் விறுவிறுப்பான நிகழ்ச்சிக்கே முதலிடம் இருந்தது. அத்தகைய கதையைப் படித்த ஒருவர் அதனைப் பிறருக்கு வாய்மொழியாகத் திருப்பிச் சொல்லலாம். சொன்னாலும் சுவை பெரிதுங் குன்றாது. இதற்கு மாறான ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் நிலைநாட்டியோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் கதரீன் மான்ஸ்ஃபீல்ட். அவர் கதைகளைத் திருப்பிச் சொல்லப் புகுவோர் இரண்டு வாக்கியங்களிற் சொல்லி முடித்துவிடுவர். முடித்தபின், கதையிலே தம்மைத் தொட்டது யாதோ அது தம் சொல்லில் வரவில்லை என்பதை உணர்வர்.

இவ்வெழுத்தாளரைக் குறித்து இருவகைக் கருத்துக்கள் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளன. அவர் கதைகளில் நிகழ்ச்சி இல்லை, உணர்ச்சிச் சாயல்களே உள, ஆதலின் அவை கதையெனும் பெயர்க்கு முற்றும் உரியன அல்ல என்பது ஒன்று. இளவயதிற் காசநோயால் மாண்ட ஒரு பெண்ணின் மென்மையான உள்ளத்துப் புலம்பல்கள் அவை, பரிவோடு படிக்கத்தக்கன என்பது மற்றொன்று. முன்னையது குற்றச்சாட்டு. பின்னையது பாராட்டுப் போலத் தோன்றினும் உண்மையில் அதுவும் குற்றச்சாட்டே. எழுத்தை விட்டு எழுதியவரின் நோயை அது பாராட்டுகின்றது. பிறரை எள்ளி நகையாடும் எழுத்தாளராய்த் தொடங்கிய மான்ஸ்ஃபீல்ட், அந்த எள்ளலின் கூர்மையை இழந்துவிடாமலே இரக்கத்தை எய்தினார் என்பதும், அவருடைய கதைகளில் நிகழ்ச்சி சுருங்கியமைக்கு அந்த வளர்ச்சியே காரணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கதரீன் மான்ஸ்ஃபீல்ட் என்பது அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர். கத்லீன் மான்ஸ்ஃபீல்ட் போஷம் என்பது பெற்றோர் இட்ட பெயர். பிரித்தானியக் குடியேற்ற நாடாகிய நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் 1888ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தை ஹரல்ட் போஷம் வணிகத்தால் உயர்ந்து, பின்னர் நியூசிலாந்து வங்கியின் தலைவராகி, சேர் பட்டமும் பெற்றவர். 1893இல் குடும்பம் நகரை விட்டுக் கறோரி என்னும் நாட்டுப்புறத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்குக் கழிந்த ஐந்தாறு ஆண்டுகளே பிற்காலத்தில் அவருடைய சிறந்த கதைகளுக்கு விளைநிலமாயின. செல்வர் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் ஒருங்கே பயிலும் காட்சியை அவர் கண்டதும் அவ்வூரிலேதான்.

1903இல் அவர் இலண்டனிலுள்ள குயின்ஸ் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். மூன்றாண்டு கற்றபின் 1906இல் ஊர் திரும்பினாராயினும், இலண்டன் மாநகரின் கலை வாழ்வைச் சுவைத்த உள்ளம் வெலிங்டனில் நிலைகொள்ளவில்லை. தந்தையின் இசைவை அரிதிற் பெற்று, 1908இல் மீண்டும் இலண்டன் சென்றார். அதன்பின் அவர் பிறந்த நாட்டைக் காணவே இல்லை. 1909 மார்ச்சு மாதத்தில் ஜோர்ஜ் பௌடன் என்னும் இசையாசிரியரை மணந்து, மணம் முடிந்த அன்றே அவரைப் பிரிந்தார். செய்தியறிந்து கடல் கடந்து வந்த தாயார் மகளை யேர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள வூரிஸ்ஹோஃபன் என்னும் நீர்ச்சிகிச்சை ஊரிற் கொண்டுபோய் விட்டுத் தம் நாடு திரும்பினார். கருவுற்றிருந்த அவர் அங்கே தம் கருவை இழந்தார். இருபது வயதிற் பட்ட இத்துன்பங்களைப் பற்றி அவர் அக்காலத்தில் நேரே ஒன்றும் எழுதவில்லை. விடுதியில் உடனுறைந்தோரைக் குறித்தே எழுதினார். அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

அச்சிரிப்பின் விளைவே 1911இல் வெளிவந்த 'ஒரு யேர்மானிய விடுதியில்' என்னும் முதல் தொகுதி. இதிலுள்ள கதைகளுட் பல, ஓறேஜ் நடத்திய 'நியூ ஏஜ்' என்னும் வார இதழில் வந்தவை. உணவு மேசையிலே தம் உடல்நலத்தையும் செரிமானத்தையும் பற்றி ஓயாது பேசுவோர், பட்டப் பெயர்களுக்குத் தலைவணங்குவோர், மனைவியரை வேலைக்காரிகளாக நடத்தும் கணவர் எனப் பலர் இங்குக் காட்சியளிக்கின்றனர். கூர்மையான கண்ணும் பேச்சொலியைப் பற்றும் காதும் முதல் நூலிலேயே அமைந்திருந்தமையை எவரும் மறுத்தல் இயலாது. எனினும், கதை சொல்லுபவள் ஒருபுறம், சிரிப்புக்கு இலக்காவோர் மற்றொருபுறம் என்ற பிரிவு நூல் முழுதும் மாறாமல் நிற்கின்றது. நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். எள்ளுபவன் உயர்ந்தும் எள்ளப்படுபவன் தாழ்ந்தும் நிற்பது அந்நகையின் இயல்பு. 1920இல் இந்நூலை மறுபதிப்பாக வெளியிடும் வாய்ப்பு வந்தபோது, அது முதிர்ச்சியற்றது என்று கூறி ஆசிரியரே இசைய மறுத்தார். தம் இளமைக்கால எழுத்தைப் பற்றி இத்துணைக் கடுமையாகத் தீர்ப்பளிக்கும் எழுத்தாளர் சிலரே.

இத்தொகுதியிலுள்ள 'களைத்துப்போன குழந்தை' என்னும் கதை தனியே நோக்கற்பாலது. ஓய்வின்றி வேலை வாங்கப்படும் சிறுமியொருத்தி, உறக்கம் தாங்காது, தன்னிடம் விடப்பட்ட மகவைக் கொன்றுவிடுகிறாள். உருசிய எழுத்தாளர் செக்கோவ் 1888இல் எழுதிய கதையொன்றின் கருவும் போக்கும் இதுவே. கடன் மிகத் தெளிவானது, அதனை மறைத்தற்கில்லை. ஆனால் இக்கடனைச் சுட்டுவதோடு நின்றுவிடுவோர் ஒன்றைக் காணத் தவறுவர். இருபத்தோராம் வயதில் அவர் செக்கோவிடமிருந்து எடுத்துக்கொண்டது கதையின் கரு. அந்த மேதையின் கலையைக் கற்றதோ பிற்காலத்தில். 1919இல் கொட்டெலியன்ஸ்கி என்னும் நண்பரோடு சேர்ந்து செக்கோவின் கடிதங்களை மொழிபெயர்த்த காலத்தில், அவர் கதைகளில் செக்கோவின் கருக்கள் இல்லை. தீர்ப்புக் கூறாது பாத்திரத்தின் பக்கத்தில் நிற்கும் அவருடைய நிலை உண்டு. கருவைக் கடன்கொள்ளுதல் எளிது. நிலையைக் கற்றல் அரிது.

மாற்றம் நேர்ந்த காலத்தை வரையறுத்துக் கூறலாம். 1915இல் அவருடைய ஒரே தம்பி லெஸ்லி படையிற் சேர்ந்து இங்கிலாந்துக்கு வந்தார். அக்காளும் தம்பியும் இலண்டனில் அமர்ந்து தம் பிள்ளைப்பருவ நினைவுகளைப் பேசி மகிழ்ந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில், பெல்சியத்தில் கைக்குண்டு எறியும் பயிற்சியின்போது குண்டு வெடித்துத் தம்பி இறந்தார். துயர் ஆற்றாது தென் பிரான்சிலுள்ள பண்டோல் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்ற மான்ஸ்ஃபீல்ட், தாமும் தம்பியும் வளர்ந்த நாட்டை எழுத்தில் மீட்டுத் தருதல் தம் கடன் என உறுதி பூண்டார். முன்னரே தொடங்கியிருந்த 'கற்றாழை' என்னும் நெடுங்கதையை 1916இல் அங்கே விரித்தெழுதினார். அதனை அடுத்த ஆண்டிற் சுருக்கியும் திருத்தியும் அமைத்ததே 'பிரிலூட்' என்னும் பெயரால் வழங்கும் கதை.

இக்கதை அச்சேறிய வரலாறு நம் நாட்டவர்க்குச் சிறப்பாக உவப்பளிக்கும். லெனார்ட் வூல்ஃபும் அவர் மனைவி வர்ஜீனியா வூல்ஃபும் 1917இல் றிச்மண்டிலுள்ள தம் இல்லத்திலே ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினர். 'பிரிலூட்' 1918இல் அவ்வச்சகத்தின் இரண்டாவது வெளியீடாக வந்தது. படிகள் ஏறத்தாழ முந்நூறே. எழுத்துக் கோத்தல் முதலிய பணிகளைத் தம் கையாலேயே செய்த அவ்விருவருள் ஒருவராகிய லெனார்ட், 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியாற்றியவர். பின்னர்க் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பணிபுரிந்து 1911இல் இலங்கையை விட்டு நீங்கியவர். வர்ஜீனியாவுக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் இருந்த நட்பு ஐயமும் போட்டியும் கலந்தது. ஆயினும், தாம் பொறாமை கொண்ட எழுத்து மான்ஸ்ஃபீல்டினுடையது ஒன்றே என்று அவர் இறந்தபின் வர்ஜீனியா தம் நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டுள்ளார்.

'கற்றாழை'யையும் 'பிரிலூட்'டையும் அடுத்தடுத்து வைத்துக் கற்போர் மான்ஸ்ஃபீல்டின் கலைநெறியைக் கண்கூடாக அறியலாம். முன்னையதிற் பாத்திரங்களின் முன்வரலாறு விரிவாகச் சொல்லப்பட்டுள்ளது. லிண்டாவின் தந்தை எத்தகையவர், ஸ்டான்லி அவளை எவ்வாறு நாடி மணந்தான் என்பனவெல்லாம் ஆசிரியர் கூற்றாக வருகின்றன. லிண்டாவின் உடன்பிறந்தாளான திருமதி டிரவுட்டின் பகற்கனவுகளுக்கு ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டுள்ளது. பின்னையதில் இவை நீக்கப்பட்டன. டிரவுட் குடும்பத்தில் இரு சிறுவர் மட்டுமே எஞ்சினர். நீக்கப்பட்டவை யாவும் பாத்திரங்களுக்கு ஆசிரியர் தந்த விளக்கங்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒருத்தி இன்ன காரணத்தால் இத்தகையவளானாள் என்று விளக்குவோர் அவளுக்கு மேலே நின்று பேசுகின்றனர். விளக்கத்தை நீக்கியபோது மான்ஸ்ஃபீல்ட் அந்த மேலிடத்திலிருந்து இறங்கினார். யேர்மானிய விடுதியில் எள்ளியவர் நின்ற இடமும் அதுவே.

எஞ்சிய 'பிரிலூட்' பன்னிரு பகுதிகளாலானது. ஒரு குடும்பம் நகரிலிருந்து நாட்டுப்புறத்துப் புதிய வீட்டிற்குக் குடிபெயர்கின்றது. கதை இவ்வளவே. வண்டியில் இடமில்லாமையால் லொட்டி, கெசையா என்னும் சிறுமியர் இருவர் பின்தங்குகின்றனர். தாயான லிண்டாவுக்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை. கணவனிடம் அன்பும் வெறுப்பும் ஒருங்கே கொண்டு, இன்னும் பிள்ளை பெறவேண்டுமே என்ற அச்சத்தில் வாழும் அவளுடைய நிலை, முதற் பக்கத்துச் சிறு செயலிலேயே பொதிந்துள்ளது. நூறாண்டுக்கு ஒருமுறை பூப்பதெனச் சொல்லப்படும் கற்றாழை வீட்டின் முன் நிற்கின்றது. நிலவொளியில் அது தன்னை ஏற்றிச் செல்ல வந்த மரக்கலமாக லிண்டாவுக்குத் தோன்றுகிறது. இன்னது இதற்கு உவமை என்று ஆசிரியர் எங்கும் கூறவில்லை. கருப்பொருளின்மேல் வைத்துக் கருதிய பொருளை உணர்த்தும் உள்ளுறையைச் சங்கச் செய்யுளிற் கற்ற நம் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. உரைநடைக் கதையில் அது இத்துணை இயல்பாக அமைந்தமையே புதிது.

அடுத்து எண்ணத்தக்கது 'தோட்ட விருந்து'. 1921 ஒக்டோபரில், சுவிற்சர்லாந்தின் மொன்டானா மலைச்சாரலில் நோய்க்கு ஓய்வு தேடியிருந்தபோது எழுதப்பட்டது இது. செல்வர் வீட்டில் விருந்து நடைபெறவுள்ள நாளில், அயலிலுள்ள ஏழைக் குடிசை ஒன்றைச் சேர்ந்த வண்டிக்காரன் விபத்தில் இறந்த செய்தி வருகிறது. விருந்தை நிறுத்தவேண்டும் என்கிறாள் மகள் லோறா. தாய் மறுத்துரைத்து, தன் தொப்பியை மகளின் தலையில் வைக்கிறாள். கண்ணாடியில் தன் அழகைக் கண்ட லோறா, இறந்தவனை விருந்து முடியும்வரை மறந்துவிடுகிறாள். பின்னர் எஞ்சிய பண்டங்களைக் கூடையிலிட்டுத் தாய் அவளையே துக்க வீட்டிற்கு அனுப்புகிறாள். பிணத்தின் முன் நிற்கும் லோறாவின் தலையில் அதே தொப்பி.

இக்கதையில் எள்ளல் இல்லையா? உண்டு, மிகக் கூர்மையாக உண்டு. தம் மனம் நோகாதபடி ஏழையின் சாவை ஒதுக்கிவைக்கும் செல்வரின் திறமை வரிதோறும் வெளிப்படுகின்றது. ஆனால் யேர்மானிய விடுதிக் கதைகளில் எள்ளுவோர்க்கும் எள்ளப்படுவோர்க்கும் இடையே நின்ற சுவர் இங்கில்லை. குற்றமுணரும் உள்ளமும் தொப்பியில் மயங்கும் உள்ளமும் லோறா ஒருத்தியிடமே உள. லோறாவைப் படைத்தவர் அவ்வகை வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கதையின் இறுதியில் லோறா வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, சொல்லை முடிக்க இயலாது நிற்கின்றாள். முடிவு தெளிவில்லை என்று குறை கூறுவோர் உளர். வண்டிக்காரனின் சாவு தனக்கு யாதோ ஒன்றைக் கற்பித்தது என்று அவள் அழகாகச் சொல்லி முடித்திருந்தால், அந்தச் சாவும் விருந்தின் அலங்காரங்களுள் ஒன்றாகியிருக்கும். முடியாத சொல்லே அக்கதைக்கு நேர்மையான முடிவு.

எள்ளலும் இரக்கமும் ஒன்றில் ஒன்று கரைந்த நிலைக்கு 'காலஞ்சென்ற கேணலின் புதல்வியர்' தக்க சான்று. கடுமையான தந்தைக்கு அடங்கியே வயது கடந்துவிட்ட மணமாகாத பெண்கள் இருவர், தந்தை இறந்த பின்னும் அவருக்கு அஞ்சுகின்றனர். தம்மைக் கேளாமற் புதைத்துவிட்டீர்களே என்று அவர் சினப்பாரோ என்று நடுங்குகின்றனர். அவர் அறையில் அலுமாரியைத் திறக்கத் துணிவின்றிப் பூட்டிவிட்டு வருகின்றனர். படிப்போர் சிரியாமலிருத்தல் இயலாது. தெருவில் வாத்தியப் பெட்டி ஒலிக்கும்போது, அதனை நிறுத்த ஓடவேண்டிய தேவை இனி இல்லை என்பது அவர்களுக்குத் தோன்றுகிறது. இழந்துபோன வாழ்வின் நினைவு இருவர் உள்ளத்திலும் ஒருகணம் எழுகின்றது. இருவரும் பேச வாயெடுக்கின்றனர்; சொல்ல வந்ததை இருவரும் மறந்துவிடுகின்றனர். சிரித்த வாயோடு கண் கலங்கும் இடம் இது. இக்கதையைக் கேலியென்று கொண்டோர் இருந்தமை ஆசிரியரை வருத்தியது. அப்பெண்களின் வாழ்வில் மறைந்திருந்த அழகின் முன் தாம் தலைவணங்கியதாகவே 1921இல் நண்பரொருவர்க்கு எழுதிய கடிதத்தில் அவர் விளக்கினார்.

இனி, அவர் தவறிய இடத்தையும் காணல் வேண்டும். பாராட்டு மட்டுமே திறனாய்வாகாது. 'மிஸ் பிரில்', 'பார்க்கர் கிழவியின் வாழ்க்கை' என்னும் இரு கதைகளும் தனித்து வாழும் பெண்களைப் பற்றியவை. பார்க்கர் கிழவி இலண்டனில் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைப்பவள். கணவனையும் பிள்ளைகள் பலரையும் புதைத்தவள். முதல் நாள் தன் உயிரனைய பேரனையும் புதைத்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். வாய்விட்டு அழ விரும்பியும், அழுவதற்கு இந்நகரில் ஓரிடம் இல்லை என்று கண்டு அவள் தெருவில் நிற்பதோடு கதை முடிகின்றது. முடிவு உள்ளத்தை உலுக்குவது. ஆயினும், துன்பத்தின்மேல் துன்பமாக ஆசிரியர் அடுக்கிய கை நமக்குத் தெரிந்துவிடுகின்றது. அழுங்கள் என்று நம்மை அவர் கேட்கின்றார்.

மிஸ் பிரிலுக்கோ அத்தகைய துன்பம் எதுவும் இல்லை. பிரெஞ்சு நகரொன்றிலே ஆங்கிலம் கற்பித்து வாழும் அவள், ஞாயிறுதோறும் பழைய மென்மயிர்க் கழுத்தணியைப் பூண்டு பூங்காவுக்குச் சென்று பிறர் பேச்சை ஒற்றுக்கேட்டு மகிழ்கிறாள். அனைவரும் நாடகமொன்றில் நடிப்பவர், தானும் அதில் ஒரு பாத்திரம் என்ற எண்ணம் அவளைப் பூரிப்பிக்கின்றது. அக்கணத்தில் அருகிலமர்ந்த இளங்காதலர் இருவர் அவளையும் அவள் கழுத்தணியையும் பழித்துச் சிரிக்கின்றனர். வழக்கமாக வாங்கும் பண்டத்தை வாங்காமலே அவள் தன் சிற்றறைக்குத் திரும்பி, அணியைப் பெட்டியில் இட்டு மூடுகிறாள். ஏதோ அழுவது போன்ற ஒலி அவளுக்குக் கேட்கின்றது. அழுதவள் தானே என்பதை அவள் அறியாள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் கூறுவர் தொல்காப்பியர். பார்க்கர் கிழவியின் கதையில் இழவும் வறுமையும் நிரம்பவுண்டு. மிஸ் பிரிலின் கதையில் இளிவு ஒன்றே உண்டு. அந்த ஒன்று ஒரு வாக்கியத்தில் நேர்கின்றது. எனினும் நம் நெஞ்சை விட்டு அகலாதது பின்னையதே. பிறரை வேடிக்கை பார்த்தவள் தானே வேடிக்கைப் பொருளாகும்போது, யேர்மானிய விடுதியில் வேடிக்கை பார்த்த இளம் எழுத்தாளருக்கும் அக்கதை விடையிறுக்கின்றது.

1922 பெப்ரவரியில் பாரிசில், எக்ஸ் கதிர்ச் சிகிச்சை பெற்றுவந்த காலத்தில் எழுதிய 'ஈ' என்னும் கதையில் இந்நோக்கு மேலும் கடுமையடைகின்றது. போரில் மகனை இழந்து ஆறாண்டு கடந்த முதலாளியொருவர், மகனின் கல்லறையைப் பற்றிய பேச்சைக் கேட்டபின் அழ முயல்கின்றார், அழுகை வரவில்லை. மைக்கூட்டில் விழுந்த ஈயொன்றை எடுத்துக் காப்பாற்றுகிறார். அது சிறகை உலர்த்திக்கொண்டதும் அதன்மேல் ஒரு துளி மை விடுகிறார். அது மீண்டும் மீண்டும் முயன்று எழுகின்றது. அவரும் மீண்டும் மீண்டும் மை சொட்டுகிறார். இறுதியில் ஈ இறந்துவிடுகிறது. பின்னர்த் தாம் எதை எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை. போர்க்களத்திற்கு மைந்தரை அனுப்பிய தலைமுறையின்மேல் இதனினும் கடுமையான குற்றப்பத்திரம் அரிது. ஆயினும் அம்முதலாளியை அரக்கனாக ஆசிரியர் காட்டவில்லை. ஈயின் துணிவை அவர் வியப்பதும் உண்மையே. தம் தம்பியின் சாவு ஊட்டிய சினம் ஏழாண்டு அடங்கிக் கிடந்து இத்தகைய அமைதியோடு வெளிப்பட்டமை எண்ணத்தக்கது.

'பாவை வீடு' அதே இரக்கத்தின் வேறொரு முகம். செல்வர் வீட்டுச் சிறுமியர்க்கு அழகிய பாவை வீடொன்று வருகின்றது. பள்ளியிற் பயிலும் சிறுமியர் அனைவரும் அதனைக் காண அழைக்கப்படுகின்றனர். சலவை செய்து பிழைப்பவளின் மக்கள் இருவர் மட்டும் அழைக்கப்படவில்லை; அவர்களோடு பேசுதலும் கூடாதென்பது பெற்றோர் கட்டளை. கட்டளையை மீறிக் கெசையா அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். சிற்றன்னை கண்டு, கோழிகளை விரட்டுவது போல அவர்களை விரட்டுகிறாள். விரட்டப்பட்டுப் போய்த் தெருவோரத்தில் இளைப்பாறும்போது, என்றும் பேசாத இளைய சிறுமி, தான் அந்தச் சிறு விளக்கைக் கண்டுவிட்டதைத் தமக்கைக்குச் சொல்லிப் புன்னகை செய்கிறாள். கதையில் அறிவுரை ஒன்றுமில்லை. பிள்ளைகளைப் பிரித்துவைக்கும் வழக்கம் எவ்வூரில் உண்டோ அவ்வூரிலெல்லாம் இக்கதை உரை வேண்டாது விளங்கும்.

1917இன் இறுதியிற் காசநோய் கண்டறியப்பட்ட நாள்முதல் அவருக்கிருந்த காலம் ஐந்தாண்டே. 1918இல் திறனாய்வாளர் மிடில்டன் மர்ரியை மணந்தார். 1920இல் 'பேருவகை' முதலிய கதைகளும், 1922இல் 'தோட்ட விருந்து' முதலிய கதைகளும் தொகுதிகளாக வந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில், பிரான்சில் ஃபொன்டன்புளோவுக்கு அருகில் குர்ஜீஃப் நடத்திய ஆன்மிக நிலையத்தை அடைந்து, 1923 ஜனவரி 9ஆந் திகதி அங்கே காலமானார். வயது முப்பத்துநான்கு. தம் எழுத்துக்களில் இயன்றவரை குறைவாகவே வெளியிடவும், எஞ்சியவற்றை அழிக்கவும் கணவரை அவர் வேண்டியிருந்தார். மர்ரியோ 1923இலும் 1924இலும் மேலும் இரு கதைத்தொகுதிகளையும், 1927இல் நாட்குறிப்பையும், 1928இல் கடிதங்களையும் தாம் தெரிந்தெடுத்து வெளியிட்டார். அவற்றால் நாம் பெற்ற பயன் பெரிது. அவற்றின் வழியே தூய துயர உருவாக அவரைக் காட்டும் கட்டுக்கதையும் வளர்ந்தது. 1997இல் குறிப்பேடுகளும், 1984 முதல் 2008 வரை ஐந்து தொகுதிகளாகக் கடிதங்களும் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டபின், கூரிய நாவும் சினமும் நகையும் உடைய மெய்யான எழுத்தாளரை நாம் காண முடிகின்றது.

அவருடைய உலகம் சிறியது என்பதை மறுத்தற்கில்லை. வீடு, தோட்டம், விடுதி, கடற்கரை ஆகியவற்றுக்கு அப்பால் அவர் பெரிதும் செல்லவில்லை. நாவல் ஒன்றையும் எழுதி முடிக்கவில்லை. அவசரத்திலும் பணத்தேவையிலும் எழுதிய சில கதைகள் மெலிந்தவை. இவற்றையெல்லாம் கழித்த பின்னும் பத்துப் பன்னிரண்டு கதைகள் எஞ்சும். அவற்றைப் போன்றவை அவருக்கு முன் ஆங்கிலத்தில் இல்லை.

சிறுகதை எழுத விழையும் மாணவர் அவரிடம் கற்கவேண்டியது யாது? நிகழ்ச்சி இல்லாமல் எழுதலாம் என்பதன்று. அதனை மட்டும் கற்றவர் எழுதுவன வெறும் மனநிலைக் குறிப்புகளாய் முடியும். மான்ஸ்ஃபீல்டின் கதைகளில் நிகழ்ச்சி உண்டு; அது ஒரு மனிதர் தம்மைத் தாமே அறியும் தறுவாயில் நேர்கின்றது. அத்தறுவாயில் எழுத்தாளர் எங்கே நிற்கிறார் என்பதே கதையின் தரத்தை அறுதியிடுகின்றது. மேலே நின்றால் எள்ளல் மிஞ்சும். கண்ணீரோடு குறுக்கே வந்து நின்றால் புலம்பல் மிஞ்சும். பக்கத்தில் நின்று, காண்பதை ஒளிக்காமலும் தீர்ப்பளிக்காமலும் சொல்வது அருமையினும் அருமை. அந்த இடத்தை அடைய மான்ஸ்ஃபீல்டுக்கு ஒரு தம்பியின் சாவும் பத்தாண்டு உழைப்பும் வேண்டியிருந்தன. அங்கு அவர் நிலைத்து நின்ற காலம் குறுகியதே. எனினும் அக்காலத்துக் கதைகள் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் வாழ்கின்றன.